பேர் சொல்லு என்றார், சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்

எங்கள் ஏரியா பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு தகவல். ரமணாசிரமம் சுற்றி இருக்கும் தெருக்களில் கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள், வெயில் ஏற ஆரம்பித்ததும் ரூமைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் விட்டுப்போகும் புத்தகங்கள் கிலோ கணக்கில் செங்கம் ரோட்டுப் பழைய பேப்பர் கடைகளுக்கு வரும். முக்கால்வாசி தத்துவம், தியானம், யோகா. நடுவில் எப்போதாவது ஒரு காமிக்ஸ் சிக்கும். ஊரே மலையைச் சுற்றும்போது நான் அந்தக் கடைகளைச் சுற்றுவது அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கடையில் மூட்டையைக் கிளறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இன்னொரு அண்ணனும் கிளறிக்கொண்டிருந்தார். முத்து காமிக்ஸ் காலத்து ஆள். இரும்புக்கை மாயாவியின் கதை எண், விலை, எந்தத் தீபாவளிக்கு வந்தது என்று எல்லாம் மனப்பாடம். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது பேச்சு. கடைசியில் ஒரு வார்த்தை விட்டார்.

"பொண்ணுங்க காமிக்ஸ் படிக்கறதே எனக்கு ஆச்சரியம்மா. வரையறதெல்லாம் சான்ஸே இல்ல. அந்தக் காலத்துல வரைஞ்சவ ஒருத்தி இருந்தா பேர் சொல்லு பார்ப்போம்."

எனக்கு அந்த நேரத்தில் சட்டென்று வாயில் வரவில்லை. "இருக்காங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் மூன்று நாளாகத் தூங்க விடவில்லை. சரி அண்ணே, பேர் கேட்டீர்கள் இல்லையா? வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் பேர்: மஞ்சுளா பத்மநாபன்.

1982-ல் பம்பாயில் 'சண்டே அப்சர்வர்' என்ற வாரப் பத்திரிகையில் 'டபுள் டாக்' என்று ஒரு படத்தொடர் ஆரம்பித்தது. நாயகி பெயர் சுகி. சுருட்டை முடி. கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிய கவலையும் இல்லை. பறக்க மாட்டாள், யாரையும் காப்பாற்ற மாட்டாள். உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். எழுதியதும் வரைந்ததும் மஞ்சுளாவே. ஓர் இந்தியப் பெண் தன் கையால் வரைந்த இந்தியப் பெண் பாத்திரம், வாரா வாரம், ஆங்கிலப் பத்திரிகையில்! அதுவரை நம் பத்திரிகை ஜோக்குகளில் பெண் என்றால் யார்? பூரிக்கட்டை மனைவி, குண்டு மாமியார், டைப்பிஸ்ட். அந்த மூன்று பேரிலும் சேராத ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

வாசகர்கள் கொண்டாடினார்களா? நன்றாகக் கொண்டாடினார்கள்! "இதில் ஜோக் எங்கே?" என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதித் திட்டினார்கள். அப்படியும் தொடர் 1986 வரை ஓடியது. பிறகு 1992-லிருந்து 1997 வரை டெல்லியின் 'பயனியர்' நாளிதழில் சுகி மறுபடி வந்தாள். நாளிதழ்த் தொடர் என்றால் என்ன உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஜுரம் வந்தாலும் வரைய வேண்டும், வீட்டில் துக்கம் என்றாலும் வரைய வேண்டும். நாளைக்குக் காலை அந்தக் கட்டம் காலியாக வரக் கூடாது. இதே மனுஷி 1997-ல் 'ஹார்வெஸ்ட்' என்ற நாடகத்துக்காக கிரீஸ் நாட்டின் ஒனாசிஸ் பரிசு வாங்கினார். உடல் உறுப்பு விற்பனை பற்றிய நாடகம். அதைக் கோவிந்த் நிஹலானி சினிமாவாகவும் எடுத்தார். நாடக ஆசிரியர் மஞ்சுளாவைப் பாடத்திட்டத்தில் வைக்கிறோம். சுகியை வரைந்த மஞ்சுளாவை யாருக்கும் தெரியாது. 2005-ல் பென்குவின் அந்தத் தொடரைப் புத்தகமாகப் போட்டிருக்கவில்லை என்றால் எனக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு வேடிக்கை. சுகி பின்னாளில் 'பிசினஸ்லைன்' பேப்பரிலும் வந்தாள். சென்னையிலிருந்து வரும் பேப்பர். பி.காம். படிக்கும் எங்களை "தினமும் படிங்க, படிங்க" என்று சார்கள் உயிரை எடுப்பார்களே, அதே பேப்பர்தான். பங்குச் சந்தை பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது பேர்: மாயா காமத்.

1951-ல் பிறந்தவர். பெங்களூரில் இருந்து வேலை செய்தவர். எண்பதுகளில் 'டெக்கான் ஹெரால்ட்' பத்திரிகையில் 'கீதா' என்று குடும்பக் கதைத் தொடர் வரைந்தார். "பெண்ணுக்கு ஏற்ற விஷயம், வீட்டு சமாச்சாரம் வரையட்டும்" என்று ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். அம்மணி அங்கேயே நிற்கவில்லை, அரசியல் கார்ட்டூனுக்குப் போனார். அன்றைக்கு இந்தியப் பத்திரிகைகளில் அரசியல் கார்ட்டூன் போடும் பெண் என்று விரல் விட்டு எண்ணினால் ஒரு விரலோடு முடிந்துவிடும். 'ஏஷியன் ஏஜ்' வரை போன அந்தக் கை 2001-ல் நின்றுபோனது. வயது 50.

அவர் வரைந்ததெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? மும்பையில் 'ஸ்பாரோ' என்கிற ஆவணக் காப்பகத்தில். பெண்களின் குரலையும் படத்தையும் எழுத்தையும் சேர்த்து வைப்பதற்காகவே 1988-ல் தொடங்கிய இடம் அது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் சி.எஸ். லக்ஷ்மி. அதாவது நம்ம அம்பை! 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' எழுதிய அதே அம்பை. ஒரு தமிழ் எழுத்தாளர் மெனக்கெட்டு ஒரு பெங்களூர்க் கார்ட்டூனிஸ்டின் படங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். தமிழில் காமிக்ஸ் வரலாறு பேசுகிற நமக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

மூன்றாவது பேர்தான் அண்ணனுக்கு நிஜமான அதிர்ச்சியாக இருக்கும்: அர்ச்சனா அம்பேர்கர்.

சுப்பாண்டி தெரியாத ஆள் உண்டா? 1983-ல் 'டிங்கிள்' இதழில் வந்தான். அவனை முதலில் எழுதி அனுப்பியது நம் திருச்சிக்காரர் பி. வரதராஜன். அதைச் சொல்லும்போது நமக்கெல்லாம் காலர் தூக்கிக்கொள்ளும், நியாயம்தான். அவனுக்கு அந்த நீள மூஞ்சியையும் முட்டைக் கண்ணையும் கொடுத்தவர் ராம் வயீர்க்கர். அமர் சித்திரக் கதையில் 'கிருஷ்ணா' வரைந்த அதே மேதை. அவர் 2003-ல் இறந்த பிறகு சுப்பாண்டியை வரையும் வேலையை எடுத்துக்கொண்டவர் அவருடைய மகள் அர்ச்சனா. இந்த ஊர்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே புரட்டிய பக்கங்களை ஒரு பெண் வரைந்திருக்கிறார். "பொண்ணுங்க வரையறதெல்லாம் சான்ஸே இல்ல" என்று சொல்லும் அண்ணன் வீட்டுப் பையனும் அதில் ஒருவனாக இருக்கலாம்!

இந்த இடத்தில் அண்ணன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் பேப்பர்ல வர்ற கட்டம்மா. நான் கேட்டது காமிக்ஸ் புத்தகம்."

ஓஹோ. அப்படியென்றால் மாடஸ்டி பிளைஸி? 1984-ல் லயன் காமிக்ஸ் முதல் இதழிலேயே அவள்தானே? அவள் பிறந்தது லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' நாளிதழில், 1963-ல், தினசரி மூன்று கட்டமாக. மாண்ட்ரேக்? பேப்பர். வேதாளர்? பேப்பர். ரிப் கெர்பி? பேப்பர். நாம் தலையில் தூக்கி வைத்து ஆடும் பாதிப் பேர் பத்திரிகைக் கட்டத்திலிருந்து வெட்டி ஒட்டிப் புத்தகமானவர்கள்தான். ஆண் வரைந்தால் பேப்பர் கட்டமும் காமிக்ஸ், பெண் வரைந்தால் காமிக்ஸும் வெறும் கட்டமா? இது என்ன தராசு?

சரி, "புத்தகம்தான் வேணும், அதுவும் ஆரம்பகாலம்தான் வேணும்" என்று அடம் பிடித்தால் அமெரிக்காவுக்குப் போவோம். நான்காவது பேர்: லில்லி ரெனே.

1921-ல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தான். யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிய ரயில்களில் ஒன்றில் 1939-ல் தனியாகத் தப்பிப் போனார். அங்கே வீட்டு வேலை செய்தார், பிள்ளை பார்த்துக்கொண்டார். பிறகு நியூயார்க்கில் அப்பா அம்மாவோடு சேர்ந்தார். கையில் காசில்லை. "காமிக்ஸ் வரைய ஆள் தேவை" என்று பேப்பரில் வந்த விளம்பரத்தைக் காட்டியது அம்மா. 'ஃபிக்ஷன் ஹவுஸ்' கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆண்கள் பலர் யுத்தத்துக்குப் போயிருந்த சமயம், மேசைகள் காலியாக இருந்தன. மற்றவர்கள் வரைந்த பக்கத்தில் பென்சில் கோட்டை அழிப்பதில் ஆரம்பித்து, 'செஞோரிட்டா ரியோ' என்ற பெண் உளவாளித் தொடரையே கையில் எடுத்தார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த பெண், நாஜிகளைப் புரட்டி எடுக்கும் பெண்ணை வரைகிறார்! இதைவிட என்ன கதை வேண்டும்?

அவர் போட்ட கையெழுத்து 'எல். ரெனே'. ரசிகர்கள் "மிஸ்டர் ரெனே" என்று கடிதம் எழுதினார்கள். யுத்தம் முடிந்து சில வருடத்தில் காமிக்ஸை விட்டே போனார். அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் தேடவில்லை. டிரினா ராபின்ஸ் என்ற இன்னொரு பெண் ஓவியர், பெண் காமிக்ஸ்காரர்களின் வரலாற்றைத் தோண்டிக்கொண்டே இருந்தவர், அவரைக் கண்டுபிடித்தார். 2007-ல் சான் டியாகோ காமிக்ஸ் திருவிழாவுக்கு விருந்தாளியாக அழைத்தார்கள். அப்போது லில்லிக்கு வயது எண்பதைத் தாண்டி ஐந்தாறு வருடம். 2022-ல் 101 வயதில் இறந்தார். வாழ்நாளில் கொஞ்சம் பாராட்டாவது காதில் விழுந்தது என்றால், அதற்கு நீண்ட ஆயுளும் ஒரு டிரினா ராபின்ஸும் தேவைப்பட்டார்கள். எல்லோருக்கும் இரண்டும் வாய்க்குமா?

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

'மிஸ் ஃப்யூரி' என்ற நாயகியை 1941 ஏப்ரலில், வொண்டர் உமன் வருவதற்குச் சில மாதம் முன்பே, உருவாக்கியவர் ஜூன் டார்ப்பே மில்ஸ். முன்னால் இருந்த 'ஜூன்' பெண் பெயர் என்பதால் அதை வெட்டிவிட்டு 'டார்ப்பே மில்ஸ்' ஆனார். 1940-ல் 'பிரெண்டா ஸ்டார்' தொடங்கிய டேலியா மெஸ்ஸிக், பெண் என்று தெரிந்தால் படத்தைப் பார்க்காமலே திருப்பி அனுப்புகிறார்கள் என்று 'டேல்' ஆனார். அந்தத் தொடர் 2011 வரை எழுபது வருடம் ஓடியது, கடைசிவரை பெண்களே வரைந்தார்கள். இத்தனை வருடம் விற்ற சரக்கின் வாசலில் ஒரு பெண் தன் பெயரைப் பாதியாக வெட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டியிருந்தது.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். அம்புலிமாமாவில் 'சித்ரா' என்று கையெழுத்துப் போட்ட படங்கள் நினைவிருக்கிறதா? அந்த சித்ரா ஓர் ஆண், டி.வி. ராகவன். சுஜாதா யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே ஓர் ஆண் பெண் பெயரில் வரைந்தார், எழுதினார். ஒரு குறையும் வரவில்லை, கொண்டாடினோம். அங்கே ஒரு பெண் தன் சொந்தப் பெயரில் வரைந்தால் வேலை இல்லை. ஆணுக்குப் புனைபெயர் அலங்காரம், பெண்ணுக்கு அது நுழைவுச் சீட்டு. "அந்தக் காலத்தில் பெண் பெயரே இல்லையே" என்று இப்போது வந்து கேட்டால்? பெயரை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொண்டு, உள்ளே வந்து பெயர்ப் பட்டியலைக் காட்டு என்கிற கதைதான் இது.

"நல்லா வரைஞ்சா பேர் தானா வரும்" என்பார்கள் அடுத்து. பொய். இரும்புக்கை மாயாவியை வரைந்தது ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிஷ்காரர். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. நம் ஊரில் 1972-லிருந்து படித்தவர்களுக்கும் அவர் யார் என்று தெரியாமலேயே பல வருடம் போனது. அவரைவிட நன்றாக வரைய முடியுமா? பேர் தானாக வந்ததா? ரசிகர்கள் தேடினார்கள், எழுதினார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள், அதனால் வந்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன், அண்ணன் மாதிரி ஆட்கள் செய்த உழைப்பு அது. என் சண்டை ஒன்றே ஒன்றுதான். அந்தத் தேடலில் ஒரு பங்கைக்கூடப் பெண்களுக்குச் செலவழிக்காமல், "தேடினேன், கிடைக்கவில்லை" என்கிற குரலில் பேசாதீர்கள். தேடவே இல்லை என்பதுதான் உண்மை.

"தமிழ்ப் பொண்ணு யாராவது?" என்பதும் வரும். நாம் வாசித்த பெட்டி பெட்டியான காமிக்ஸில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. படம் அங்கிருந்து வந்தது, பலூனுக்குள் எழுத்து மட்டும் நம்முடையது. தமிழ் ஓவியனுக்கே இடம் இல்லாத பந்தியில் தமிழ்ப் பெண் ஏன் உட்காரவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? வாசலில் புள்ளி வைத்து, ஒரு கோடு தப்பாமல் தினம் வரைகிற ஊரில், "பொண்ணுங்களுக்கு வரைய வராது" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எனக்கு ஜூனியர் பெண் ஒருத்தி. அவள் பேர் இங்கே வேண்டாம். அருமையாக வரைவாள். ஒரு ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் படக்கதை போட்டுக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளும் ஒரு பாட்டி கதை. மலர் வந்தது. எல்லோரும் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான். கவிதைக்குப் பேர் இருந்தது, கட்டுரைக்குப் பேர் இருந்தது, வாழ்த்துரைக்குப் பட்டம் உட்பட எல்லாம் இருந்தது. படக்கதைக்கு இல்லை. கேட்டதற்கு வந்த பதில்: "அது லேஅவுட்ல எடுத்துட்டாங்கம்மா. படம் நல்லா வந்திருக்குல்ல, அது போதாதா?"

போதாது சார்.

நான் காமர்ஸ் ஸ்டூடன்ட், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'குட்வில்' என்பதற்குத் தமிழ் என்ன? நற்பெயர்! கண்ணால் பார்க்க முடியாத சொத்து, ஆனால் சொத்து. கடையை விற்றால் அதற்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு ஓவியருக்கு மேசையும் மையும் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது? அந்தப் பெயர்தான். முதல் படத்தில் பெயர் வந்தால்தான் இரண்டாவது படத்துக்கு ஆள் தேடி வரும். பெயரை எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் முதல் முறை மாதிரியே வாசலில் நிற்க வேண்டும். அது லேஅவுட் பிரச்சினை இல்லை, ஒருத்தியின் மூலதனத்தை அழிப்பது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 17-வது பிரிவு, சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்ததற்கு வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பொதுவாக முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் அதே சட்டத்தில் 57-வது பிரிவு என்ற ஒன்றும் இருக்கிறது. காப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், "இதைப் படைத்தது நான்" என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். காசை வாங்கிக்கொண்டு படத்தை விற்கலாம், 'நான் வரைந்தேன்' என்பது அந்த விற்பனையோடு போய்விடாது. ஆகவே பெயர் போடுவது யாரும் போடும் பிச்சை இல்லை.

அந்தப் பெண் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "விடுக்கா, இனிமே நான் வரையல." ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். இருபது வருடம் கழித்து யாரோ ஒரு அண்ணன் பழைய பேப்பர் கடையில் அந்த மலரைக் கையில் எடுப்பார். படக்கதையைப் பார்ப்பார். பேர் இருக்காது. "எவனோ நல்லா வரைஞ்சிருக்கான்" என்பார். பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம், "அந்தக் காலத்துல பொண்ணுங்க வரைஞ்சதா ஒரு பேர் சொல்லு" என்றும் கேட்பார். பெண்கள் இல்லாத வரலாறு எங்கோ அமெரிக்காவில் 1940-களில் மட்டும் எழுதப்பட்டது இல்லை. போன வருடம், நான் கட்டுரை எழுதிய அதே மலரில், என் பேர் அச்சான பக்கத்துக்கு நாலு பக்கம் தள்ளி எழுதப்பட்டிருக்கிறது.

எனவே இரண்டு முடிவு எடுத்திருக்கிறேன். ஒன்று, இந்த வருட மலருக்கு நான் கட்டுரை கொடுக்க வேண்டுமானால் வரைந்தவர்கள் எல்லோருடைய பேரும் வர வேண்டும், ஆணோ பெண்ணோ. இல்லையென்றால் என் கட்டுரையும் இல்லை. என் கட்டுரை இல்லாமல் மலர் வாடிவிடாது என்று தெரியும், இருந்தாலும். இரண்டு, அடுத்த ஞாயிறு அதே கடைக்குப் போகிறேன். மஞ்சுளா பத்மநாபன், மாயா காமத், அர்ச்சனா அம்பேர்கர், லில்லி ரெனே, டார்ப்பே மில்ஸ், டேல் மெஸ்ஸிக் என்று ஆறு பேரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அண்ணன் கையில் கொடுக்கப்போகிறேன். ஏழாவதாக ஒரு பேரும் இருக்கும். அது யார் என்று கேட்டால், போன வருட மலரையும் கூடவே எடுத்து நீட்டுவேன்.

டிஸ்கி: அண்ணன் நல்லவர். அன்றைக்கு மூட்டையில் கிடைத்த ஒரே மாடஸ்டி புத்தகத்தை "நீ எடுத்துக்கோம்மா" என்று எனக்கே விட்டுக் கொடுத்தார். சண்டை அவரோடு இல்லை, அவர் சொன்ன அந்த ஒரு வரியோடுதான்.